எட்டுச் சால்வையும் ஒரு தேர்தல் வழக்கும்

ஒரே ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் நான் தங்கியது அபூர்வம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து கால் ஓரிடத்தில் நின்றதில்லை. அச்சரப்பாக்கத்தில் நெல் மூட்டை ஏற்றினேன். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் சாப்பிடும் மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தேன். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் கல்லுக்குப் பாலிஷ் போட்டேன். தூசி நெஞ்சில் இறங்கி இருமல் வந்ததும் அந்த வேலை போயிற்று. இருமிக்கொண்டே திருக்கழுக்குன்றம் சாலையில் நடந்து வந்தவன், பசி தாங்காமல் ஒரு டிபன் கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா இட்லியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று என் இருமலைக் கேட்டார்.

"இந்த இருமல வெச்சிகினு எங்க போவ? கிரைண்டர் பாத்துக்க ஆளு இல்ல. கடையிலயே படுத்துக்கோ."

படுத்துக்கொண்டேன். அப்படித்தான் ஒரு பஞ்சாயத்துத் தேர்தலுக்கும், அதன் பின்னால் வந்த வழக்குக்கும் நடுவில் போய் மாட்டினேன்.

அக்கா தலைவர் பதவிக்கு நின்றதற்குக் காரணம் கடை வாசலில் ஓடாமல் நின்ற சாக்கடை. அப்போதைய தலைவர் மனை வியாபாரம் செய்கிறவர். கடற்கரைப் பக்கம் அவர் கல் நட்டுக் கொடி கட்டாத காலியிடம் இல்லை. அவரிடம் அக்கா பல தடவை கால்வாய் கேட்டுப் போனார். ஒரு நாள் அவர் இருபது பேருக்கு முன்னால், "அவ்ளோ அவசரம்னா நீயே தலைவரா ஆயி கட்டிக்கமா" என்று சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டு வந்தார். மறுவாரம் போய் மனுத் தாக்கல் செய்தார்.

பஞ்சாயத்துத் தேர்தலில் ஒரு வேட்பாளர் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று ஒரு வரம்பு உண்டு. முடிந்ததும் கணக்கும் கொடுக்க வேண்டும். வரம்பைத் தாண்டிச் செலவழிக்கும் வசதி அக்காவுக்கு இல்லை என்பதால் அந்தச் சட்டத்தை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. தலைவர் பக்கம் தினமும் பிரியாணி, வாடகை வேன், பறை, வெடி. அவருடைய கணக்கும் பிறகு வரம்புக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. அது எப்படி உட்கார்ந்தது என்று நான் கேட்கவில்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு கவலை. எங்கள் பக்கத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவருக்குத் தெருமுனையில் அந்தத் தெரு ஆள் ஒருவர் சால்வை போர்த்துவார். போர்த்தினால் தெரு அவர் பக்கம் என்று அர்த்தம். சால்வையைப் பெரும்பாலும் வேட்பாளரே கொண்டுவந்து கொடுப்பார்; அது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். ஆனால் புதுச் சால்வையாக இருக்க வேண்டும். வெறும் தோளோடு வந்தால், "யாரும் சீண்டல போல" என்று சொல்லிவிடுவார்கள்.

செங்கல்பட்டு பஜாரில் எட்டுச் சால்வை வாங்கினோம். தெருக்களோ எட்டைவிட ரொம்ப அதிகம். பிரசாரம் பத்து நாளுக்கு மேல். அந்த எட்டை ஊர் முழுக்கப் போர்த்த வைக்கும் வேலை எனக்கு வந்தது. அதை விரும்பித்தான் செய்தேன். அக்கா ஒரு தெருவில் சால்வை வாங்கி, கும்பிட்டு, பத்து அடி நடப்பார். அவருடைய தங்கை மகன் பின்னாலிருந்து பக்குவமாக அதை உருவி என் பையில் போடுவான். நான் டிவிஎஸ் வண்டியில் வீடுகளின் பின்பக்கமாக, மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், துணி காயும் கொடி எல்லாம் தாண்டி, அடுத்த தெருவின் முனைக்குப் போய்விடுவேன். சால்வையை உதறி, மடிப்புக் கலையாமல் மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பப் போட்டுவிடுவேன். அந்த உறை முக்கியம். உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்டால்தான் போர்த்துகிறவருக்குத் திருப்தி. ஆகவே ஒரு கட்டு உறை தனியாக வாங்கி வைத்திருந்தேன்.

பிரசாரம் தினமும் காலனியில் தொடங்கும். அங்கே எல்லோரும் விடிந்ததும் கட்டட வேலைக்கும் கம்பெனி வேனுக்கும் கிளம்பிவிடுவார்கள். ஆறு மணிக்குப் போனால்தான் ஆளைப் பார்க்கலாம். பெரிய தெருக்காரர்கள் நாஸ்தா முடித்து, பேப்பர் பார்த்து, ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவார்கள். அதனால் காலனி முதல், பெரிய தெரு கடைசி. வேறு எந்த யோசனையும் அதில் இல்லை.

தங்கை மகன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, பாட்டுப் போட்டு, "தெருவுக்குத் தெரு பொன்னாடை மழை" என்று எழுதி வாட்ஸப்பில் விட்டான். ஊரே பார்த்தது. அக்கா கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கடையில் அன்று எல்லோருக்கும் கேசரி. மறுமாதமே கால்வாய்க்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள்.

பள்ளம் கடை வாசலுக்கு வந்தபோது கோர்ட் நோட்டீசும் வந்தது. தோற்ற தலைவர் வழக்குப் போட்டிருந்தார். வெற்றி செல்லாது, ஏனென்றால் அக்கா வரம்பை மீறிச் செலவு செய்து கணக்கில் மறைத்துவிட்டார். ஆதாரம் அந்த வீடியோக்கள். அவற்றில் போர்த்தப்பட்ட சால்வைகளை அவர் வக்கீல் ஒவ்வொன்றாக எண்ணியிருந்தார். முந்நூற்றுச் சொச்சம். அக்கா கணக்கில் எழுதியது எட்டு. முந்நூறைச் சால்வை விலையால் பெருக்கி மற்ற செலவுகளோடு கூட்டினால் வரம்பு உடைகிறது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியால் அக்கா என்னை அடித்தார்.

"சிரிக்கிறியா? பதவி பூடும்யா!"

"அக்கா, எட்டுதான்னு சொல்லிட்டா முடிஞ்சிச்சே!"

"சொல்லு. சொன்னா பெரிய தெருவுல இன்னா ஆவும்? காலனில போட்டு எடுத்ததத்தான் எங்க கையில குடுத்தியான்னு கேப்பானுங்க. அப்புறம் எந்தத் தெருவுல நான் தல காட்றது?"

எனக்குத் தெருவே கிடையாது. இதெல்லாம் மெதுவாகத்தான் உறைக்கும்.

செங்கல்பட்டில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். அக்கா அவரிடம் உண்மையைச் சொன்னார். சொன்ன கையோடு, அதைக் கோர்ட்டில் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். "ஜனங்களே வாங்கிப் போட்டாங்கன்னு எழுதிடேம்மா" என்று கேட்டார்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். "பொய் எழுத மாட்டேன். வரம்பு மீறலன்னு மட்டும் எழுதறேன். மீறினத அவங்கதான் நிரூபிக்கணும். ஆனா ஒரு கட்டத்துல நீங்க வாயத் திறந்துதான் ஆவணும், பாத்துக்கங்க."

அந்தப் பக்கத்தின் முதல் சாட்சியாக வந்தவர் மாவு மில்லுக்காரர். பெரிய தெருவில் அக்காவுக்குச் சால்வை போர்த்தியவர் அவர்தான். ஓட்டும் அக்காவுக்குத்தான் போட்டிருந்தார். கூப்பிட்டார்கள், வந்தார், கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார்: சால்வையை நான் வாங்கவில்லை, அவங்க ஆளு ஒருத்தன் கொண்டாந்து கொடுத்தான், புதுசு, கவர் பிரிக்காதது. பிறகு கீழே இறங்கி அக்காவுக்குப் பக்கத்து பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. நல்ல சால்வையத்தான போட்டேன், அதான் சொன்னேன்."

"தெரியும்ணா" என்றார் அக்கா, முகத்தைத் திருப்பாமல்.

அடுத்து வீடியோவை ஓட்டினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் குரல் நல்ல குரல். ஒவ்வொரு சால்வை விழும்போதும் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். எழுபதைத் தாண்டும்போது நீதிபதி கையை உயர்த்தினார். கொஞ்சம் பின்னால் போகச் சொன்னார். பிறகு முன்னால். பிறகு மறுபடியும் பின்னால்.

"இந்தப் பச்சைச் சால்வை ஓரத்தில் சிவப்பாக இருக்கிறதே, அது டிசைனா?"

டிசைன் இல்லை. முதல் நாள் காலனியில் ஆரத்தி எடுத்தபோது தெறித்த குங்குமத் தண்ணீர். திரையில், காலனியில் அது இருந்தது. நடுத் தெருவில் இருந்தது. தோப்புத் தெருவிலும் இருந்தது. நீதிபதி எங்கள் வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். அதற்குள் மதிய நேரமாகிவிட்டது. வேறு தேதி கொடுத்தார்கள்.

பஸ் ஏரிக்கரையோரம் வந்தபோது அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "அந்தக் கொங்குமத்த நீ தொவைக்கலையா?" என்று கேட்டார்.

"தொவைச்சேங்க்கா. போவல."

"நல்லாத் தொவைச்ச போ."

கடை வாசலில் பள்ளத்தின் மேல் பலகை போட்டிருந்தது. அக்கா அதில் கால் வைத்துப் பாதியில் நின்றார். உள்ளே பாதி தூரத்துக்குத்தான் சிமென்ட் பூசியிருந்தார்கள்; மீதி மண். வழக்கு முடியும்வரை பில் போட வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டதால் வேலை நின்றிருந்தது. பதவி போனால் அடுத்து வருகிறவர் அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டுவிடுவார். மழைக்குக் கடைக்குள் தண்ணீர் வரும், முன்னைவிட அதிகமாக வரும். அக்கா பள்ளத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கட்றதுக்குத்தான நின்னேன். சால்வை போட்டுக்கவா நின்னேன்? சொல்லிட வேண்டியதுதான்."

சொல்வதென்றால் எட்டுச் சால்வையையும் காட்ட வேண்டும் என்றார் வக்கீலம்மா. ஏழு கடைப் பரணில் மூட்டையாகக் கிடந்தன. எட்டாவது, ஆரஞ்சு நிறம், காலனியில் இருந்தது. தேர்தல் முடிந்த அன்று ஒரு பெண்ணுக்கு நான்தான் கொடுத்திருந்தேன். அதில் அவள் உத்தரத்திலிருந்து ஏணை கட்டி, கைக்குழந்தையைப் போட்டிருந்தாள். நானும் வக்கீலம்மாவும் போனபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"கோர்ட்டா? அதெல்லாம் தர முடியாது. இது இப்பத்தான் கண்ண மூடிச்சு. ஏணையக் கழட்டினா ராத்திரி பூரா நீ வந்து தூக்கி வெச்சிப்பியா?"

"கேஸ் முடிஞ்சதும் திருப்பித் தந்துடுவாங்கம்மா" என்றார் வக்கீலம்மா.

"கேஸ் முடியறதுக்குள்ள இவனுக்கு மீசை மொளச்சிடும்."

ஏணையோடு, குழந்தையோடு, சால்வையின் கரை நன்றாகத் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த தேதிக்குக் கூட்டம் அதிகம். காலனியிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ நிறையப் பேர் வந்திருந்தார்கள். மில்லுக்காரரும் வந்திருந்தார், சாட்சி சொன்ன வழக்கு எப்படி முடிகிறது என்று பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை. அக்கா கூண்டில் ஏறி, கடையில் பில் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"எட்டுதாங்கய்யா. எட்டத்தான் சுத்தி சுத்திப் போட்டுக்கினேன். அதுக்கு மேல வாங்க டப்பு இல்ல. இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் இத்தினி நாளு சொல்லல."

பெஞ்சில் ஒரு சலசலப்பு. மில்லுக்காரர் மெதுவாகத் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது நான். ஏழு சால்வையையும் மேசையில் வைத்தேன், ஏணை போட்டோவைக் கொடுத்தார்கள். நீதிபதி போட்டோவைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவர் கெட்டிக்காரர். பின்பக்க வழி, வண்டி, பெட்ரோல் செலவு என்று என்னை நன்றாகத் திணற வைத்தார். பெட்ரோலைக் கணக்கில் எழுதினீர்களா என்று கேட்டபோது நான் வக்கீலம்மாவைப் பார்த்து விழித்தேன். நல்ல வேளை, எழுதியிருந்தோம். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, ஒரு கேள்வி கேட்டார்.

"தினமும் முதலில் எந்தத் தெரு?"

"காலனிங்க."

"கடைசியில்?"

"பெரிய தெருங்க."

"அதாவது, காலனியில் போட்டுக் கழற்றியதை, கடைசியில் பெரிய தெருவில் கொடுத்தீர்கள்."

அந்தக் கேள்வி சட்டத்துக்கு வேண்டியதில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் நீதிபதியைப் பார்த்துக் கேட்கவில்லை; பெஞ்சில் இருந்த ஊர்க்காரர்களைப் பார்த்துக் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்க" என்றேன்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஏணைக்காரப் பெண்ணின் மாமியார், கோர்ட் என்று நினைக்காமல், பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகச் சொல்லிவிட்டார்:

"அடியே, அப்ப புதுசு நமக்குத்தானா! பழசுதான் அவங்களுக்கா!"

ஷேர் ஆட்டோவில் வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். டவாலி அதட்டினார், அவருடைய மீசையும் ஆடிக்கொண்டிருந்தது. நீதிபதி பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கி ஏதோ படித்தார். மில்லுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு பெரிய தெருவிலிருந்து ஒருவரும் டிபன் கடைக்கு வரவில்லை. மாவு பாதி மீந்து புளித்தது. அக்கா புளித்த மாவில் பணியாரம் சுட்டுக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதவி நிலைத்தாலும் தெரு போய்விட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

ஒரு நாள் மிளகாய் அரைக்க மில்லுக்குப் போனேன். வேறு மில் இல்லை, போய்த்தான் ஆக வேண்டும். தோற்ற தலைவர் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் குரலை ஏற்றினார்.

"காலனிக்காரன் தொட்டுப் போட்டத எடுத்தாந்து இவன் உன் கையில குடுத்திருக்கான். நீயும் சும்மா கீறியே அண்ணாத்த!"

மில்லுக்காரர் மிஷினை நிறுத்தினார். அவர் புருவமெல்லாம் மாவு.

"காலனி மொளகா எங்க அரைக்கிறேன்?"

"இங்கதான்."

"உன் வூட்டு மொளகா?"

தலைவர் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

"ரெண்டும் இதே கல்லுதான். உனக்கு இத்தினி வருஷமா வயிறு வலிச்சிதா? போ, போய் வேலையப் பாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்குக் கோவம் அது இல்ல, தெரிஞ்சிக்கோ. ஊரு பூரா போட்டு முடிச்சி, கடைசியில என்கிட்ட வந்தியே! கவரு வேற போட்டு! இந்த மில்லுல வர்றவன் போறவன்கிட்டல்லாம், பிரிக்காத சால்வைன்னு சொல்லிக்கினு இருந்தேன்யா. எவ்ளோ பேஜாரு தெரியுமா எனக்கு?"

"அடுத்த வாட்டி உங்களுக்கு ரெண்டாவதுங்க" என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"ரெண்டாவதா? மறந்துடாத" என்று சொல்லிவிட்டு மிஷினைப் போட்டார். விளையாட்டாகச் சொன்னாரா என்று அந்தச் சத்தத்தில் தெரியவில்லை. மறுநாள் காலை கடைக்கு வந்து நாலு பணியாரம் சாப்பிட்டார். சட்னியில் உப்பு குறைவு என்றார்.

தீர்ப்பு மழைக்கு முன்னால் வந்தது. எட்டுச் சால்வைதான், வரம்பு மீறப்படவில்லை, மனு தள்ளுபடி. வக்கீலம்மா இதை வராந்தாவில் சொன்னபோது அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இட்லி அவித்து அவித்துச் சூடு உறைக்காமல் போன கை அது. நான் டீக்கடைக்கு ஓடி, எல்லோருக்கும் டீ சொன்னேன். அதைக் கணக்கில் எழுத வேண்டாமா என்று வக்கீலம்மா கேட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காலனி வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தது. சால்வை போட வேண்டும் என்றார்கள். ஏழும் கோர்ட்டில். மிச்சம் ஒன்றுதான். ஏணைக்காரப் பெண்ணிடம் போனோம். அன்றைக்கு அவள் மறுக்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்தாள். தூக்கம் கலைந்த குழந்தை போட்ட சத்தத்தில் பறை கேட்கவில்லை.

அவளுடைய மாமியார்தான் போர்த்தினார். உறையும் இல்லை, மடிப்பும் இல்லை. சால்வை கசங்கிச் சுருண்டு பால் வாசனையோடு இருந்தது. அக்கா கும்பிட்டு, பத்து அடி நடந்தார். தங்கை மகன் வழக்கம்போல் பின்னாலிருந்து உருவினான். இந்த முறை அதை எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். நான் வண்டியை எடுத்தேன்.

பின்வழியில் போக வேண்டியிருக்கவில்லை. காலனி முடிகிற இடத்தில், அரச மரத்தடியில், மில்லுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெரிய தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேர். பெரிய தெருக்காரர்கள் அந்த மரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றும் அவர்கள் தாண்டவில்லை. ஆனால் மரம் வரைக்கும் வந்திருந்தார்கள்.

"இன்னாபா இவ்ளோ நேரம்? ரெண்டாவது நான்தான?"

"நீங்கதாங்க."

இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சால்வையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார்.

"ஏய், இன்னாடா, ஈரமா கீது?"

பின்னால் ஓடி வந்த ஏணைக்காரப் பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கச் சொன்னாள்: "இப்பத்தான்ணா போனான். காலைல தொவைச்சதுதான்!"

அதற்குள் அக்கா வந்து நின்றிருந்தார். மில்லுக்காரர் ஈரமான பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காய்ந்த பக்கம் அக்கா தோளில் படும்படி போர்த்தினார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எங்களை அதட்டினார்.

"சிரிச்சிகினு நிக்காதீங்கடா. அடுத்த தெருவுல காத்துகினு இருப்பாங்க. எடுத்துகினு ஓடு!"

ஓடினேன்.